கூப்பிட்டால் மட்டும் காது கேட்காது

மாடியில் இருக்கும் கணினி மறுபடியும் காணாமல் போய்விட்டது. காலையில் நெட்வொர்க் பட்டியலில் இருந்தது, மத்தியானம் இல்லை. சரி, அணைந்துவிட்டதோ என்று படியேறிப் போய்ப் பார்த்தால், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது! கீழே வந்து அதன் ஐபி எண்ணுக்கு (நெட்வொர்க்கில் அதன் முகவரி) பிங் அடித்தால், அதாவது 'இருக்கிறாயா?' என்று கேட்டால், 2 மில்லிசெகண்டில் பதில். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் காது கேட்காது.

விண்டோஸின் பழைய முறையில் வீட்டுக் கணினிகளில் ஒன்று 'மாஸ்டர் பிரவுசர்' என்று நாட்டாமையாகிப் பெயர்ப் பட்டியலை வைத்திருக்கும். மற்றவை 12 நிமிடத்துக்கு ஒருமுறை ஆஜர் சொல்ல வேண்டும். நாட்டாமையை அணைத்துவிட்டால் மறுபடி தேர்தல், பட்டியலும் குழம்பும். (வீட்டில் இருப்பதே மூன்று கணினி. அதற்குத் தேர்தல் வேறு.) இப்போது நாட்டாமை இல்லாமல் கணினிகள் ஒன்றையொன்று நேரடியாகத் தேடிக்கொள்ளும் டபிள்யூஎஸ்-டிஸ்கவரி வந்திருக்கிறது. அதற்கான சர்வீஸ் நின்றுபோனாலோ, நெட்வொர்க் 'பப்ளிக்' (நம்ப முடியாத பொது இடம்) என்று மாறிக்கொண்டாலோ அதே கதைதான். போன வாரம் ரவுட்டரை மாற்றியதும் சொந்த வீட்டு வைஃபையே அதற்கு அந்நியமாகிவிட்டது.

கடைசியில் ரவுட்டரில் மாடிக் கணினிக்கு மாறாத ஒரே ஐபியை ஒதுக்கி, அதன் டிரைவை அந்த எண்ணாலேயே கீழே இருக்கும் கணினியில் மேப் செய்து (இணைத்து) விட்டேன். ஃபைல் திறக்கிறது. பட்டியலில் கணினி இன்னமும் இல்லை. அப்புறம், இப்போது பிரிண்டரையும் காணோம்.