தண்ணீர் மட்டும் போதாது

கேன்வாஸ் மேல் பெயிண்டை ஊற்றிப் படம் செய்யும் அக்ரிலிக் போரிங் (pouring) கலை பற்றிய கட்டுரை, அக்ரிலிக் பெயிண்டில் தண்ணீர் கலந்து ஊற்றினால் போதும், மனசும் லேசாகும் என்கிறது. தண்ணீர் அளவுக்கு மீறினால் நிறத்தை ஒட்டவைக்கும் பிசின் நீர்த்துப்போய், காய்ந்தபின் நிறம் சரியாகப் பிடிக்காமல் போகலாம். 1 பங்கு பெயிண்ட்டுக்கு 2 பங்கு போரிங் மீடியம் (பெயிண்டைச் சீராக ஓடவைக்கும் பிசின் திரவம்), பிறகுதான் தண்ணீர், அதுவும் சொட்டுச் சொட்டாக. குச்சியைத் தூக்கினால் தேன் போல அறுபடாமல் இறங்க வேண்டும்; விழுந்த கோடு ஓரிரு நொடியில் மறைய வேண்டும். வெடிப்பு விழ ஃபேன் காற்றும் ஒரு காரணம்: மேல்தோல் முதலில் காய்ந்து இறுகிவிடும், அடியில் ஈரம் நிற்கும். கேன்வாஸுக்கு ரசமட்டம் வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக டிசைன் ஒரு மூலைக்கு ஓடிவிடும். நிறத்தில் வட்ட வட்டமாகத் திட்டுகள் வருவதற்காகச் சிலிகான் எண்ணெய் சேர்த்திருந்தால் வார்னிஷ் பூசும் முன் துடைத்தெடுப்பது கட்டாயம். மனசு லேசாகும் என்பது சரிதான், ஊற்றியபின் சும்மா இருக்கத் தெரிந்தவர்களுக்கு! திருத்துகிறேன் என்று கேன்வாஸைச் சாய்த்துக்கொண்டே இருந்தால் நிறமெல்லாம் சேறாகும்.