ஃபில்லர் இல்லைங்க அது

ஞாயிற்றுக்கிழமை திரையிடலில் நடந்தது வந்தவர்களுக்குத் தெரியும். மெயின் படத்துக்கு முன்னால் போட்ட குறும்படத்தை, "இது சும்மா நேரத்தை நிரப்புற ஃபில்லர்தானே, மெயின் படத்துக்குப் போயிடலாம்" என்று ஏற்பாட்டாளர்களான நீங்கள் பாதியில் நிறுத்தியதை மட்டும் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

ஃபில்லர் இல்லைங்க அது. 1933இல் வந்த 'ரூஃபஸ் ஜோன்ஸ் ஃபார் பிரசிடென்ட்'. மொத்தமே 21 நிமிடம். அம்மா மடியில் சாய்ந்திருக்கும் கறுப்பினச் சிறுவன் அமெரிக்க ஜனாதிபதி ஆகிற கனவுதான் கதை. அம்மாவாக நடித்தவர் பாடகி எதெல் வாட்டர்ஸ். பையனாக நடித்தவர், பின்னாளில் பெரிய பாடகரும் நடனக் கலைஞருமான சாமி டேவிஸ் ஜூனியர், அப்போது வயது ஏழு.

அன்றைய முழுநீளப் படங்களில் இவர்களைப் போன்ற கறுப்பினக் கலைஞர்களுக்கு என்ன இடம் இருந்தது? 1940களில்கூட பாடகி லீனா ஹோர்ன் பாடும் காட்சிகளைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுத்து வைத்தார்கள், கறுப்பர்களை ஏற்காத அமெரிக்கத் தெற்கு மாகாணத் தியேட்டர்களில் வெட்டி எறிய வசதியாக. ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டன் இசையமைப்பாளராகவே கம்பீரமாகப் பியானோ முன் உட்கார்ந்ததும், தரையில் தள்ளிவிடப்பட்ட பெண்ணாகப் பாடகி பில்லி ஹாலிடே பாடியதும் 1935இல் வந்த 'சிம்பொனி இன் பிளாக்' என்ற குறும்படத்தில்தான். அதுவும் பத்து நிமிடத்துக்குள். அவர்களுக்குக் கிடைத்ததே அவ்வளவுதான். அதையும் வெட்டினால் எப்படி?

"ரூஃபஸ் படத்தில் கறுப்பர்களை மட்டம் தட்டும் ஜோக் நிறைய இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. பார்க்கும்போது எனக்கும் வயிற்றைப் பிசைகிறது. அதைப் பற்றிப் பேசியிருக்கலாம், நானே பேசியிருப்பேன். ஆனால் நீங்கள் நிறுத்தியது அதற்காக இல்லையே! நேரமாகிறது என்றுதானே நிறுத்தினீர்கள்? அறிமுக உரை நாற்பது நிமிடம் ஓடியபோது யாருக்கும் நேரமாகவில்லை.

என் மகளுக்கும் ஏழு வயது. "உன் வயசுப் பையன் ஒருத்தன் டேப் டான்ஸ் ஆடுவான் பாரு" என்று சொல்லித்தான் இரண்டு பஸ் மாறிக் கூட்டி வந்தேன். விளக்கு போட்டதும் என் கையைப் பிடித்து, "அம்மா, அவன் இன்னும் ஆடவே இல்லையே?" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. அங்கேயே எழுந்து கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் வந்துவிட்டேன், அந்த ஆற்றாமையைத்தான் இங்கே இவ்வளவு கொட்டுகிறேன்.

ராத்திரி வீட்டில் லேப்டாப்பில் முழுசாகப் போட்டுக் காட்டினேன். பையன் ஆட ஆரம்பித்ததும் ஓடிப்போய் ஸ்கூல் ஷூவை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சமையலறை டைல்ஸில் டக் டக்கென்று ஒரே சத்தம். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டும்வரை ஆடினாள்.