மின்சார காருக்கும் பெட்ரோல் காருக்கும் ஒரே செலவா?

“மின்சார காரைச் சார்ஜ் போட 800 ரூபாய், ஓடுவதோ 200 கி.மீ. பெட்ரோல் போட்டாலும் அதே செலவுதான்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

2020இல் வந்த டாடாவின் மின்சார கார் நெக்ஸான் இ.வி.யை எடுத்துக்கொள்வோம். அதன் பேட்டரி 30.2 யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் சுமார் 34 யூனிட் ஓடும். வீட்டு மின்கட்டணத்தை யூனிட்டுக்கு 12 ரூபாய் என்று கூட்டியே வைத்தாலும் 408 ரூபாய்தான். 200 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் கார், லிட்டர் 100 ரூபாய் விலையில், கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 65 பைசாவுக்கு மேல் கேட்கும்.

அந்த 800 ரூபாய் எங்கிருந்து வந்தது? பொது வேக சார்ஜரில் யூனிட் 20 ரூபாய், அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. என்றால் 34 யூனிட்டுக்கு ஏறக்குறைய அந்தத் தொகை வரும். அப்போதும் கிலோமீட்டருக்கு 4 ரூபாய்தான், பெட்ரோலைவிடக் குறைவு. தினமும் அங்கேயே சார்ஜ் போடுபவருக்கு மிச்சம் வெகுவாகக் குறையும் என்பது உண்மை. ஆகவே வாங்கும் முன், வீட்டிலேயே சார்ஜ் போட வண்டி நிறுத்துமிடத்தில் 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள்.

200 கி.மீ. என்பதை மட்டும் நான் மறுக்கவில்லை. நிறுவனம் சொன்ன 312 கி.மீ. சோதனைக்கூடக் கணக்கு. ஏ.சி. போட்டு நெடுஞ்சாலையில் விரட்டினால் அவ்வளவு கிடைக்காது. சென்னையிலிருந்து திருச்சி 330 கி.மீ.; இந்தக் காரில் வழியில் ஒருமுறையாவது நிறுத்திச் சார்ஜ் ஏற்றித்தான் போக வேண்டும்.