கேற்றைத் திறந்து விடுற ஆக்களுக்கு

விடிய ஐந்தரைக்குக் கேற்றைத் திறந்து, நாயை றோட்டுக்கு விட்டுட்டு, பிளேன்ரீ குடிக்க உள்ளுக்குப் போற ஆக்களே, இது உங்களுக்குத்தான். றோட்டு நாய்க்கு இல்லை. மாநகர சபைக்குக்கூட ரெண்டாவதாத்தான்.

கொழும்பில நாயோட நடக்கிற ஆரையும் கேட்டுப் பாருங்கோ. எதுக்குப் பயம் எண்டு கேட்டா, குப்பை மூலையில படுத்திருக்கிற செவலையை ஒருத்தரும் சொல்ல மாட்டினம். கழுத்தில பட்டியோட, மினுமினுத்த உடம்போட, அரைவாசி திறந்த கேற்றுக்குள்ளால அம்பு மாதிரி வாறதைத்தான் சொல்லுவினம். பின்னால சாரத்தோட ஒரு அங்கிள் ஆறுதலா வருவார். "பயப்படாதேங்கோ பிள்ளை, அது ஒண்டும் செய்யாது." பக்கத்துச் சிங்கள வீட்டில எண்டா "பய வென்ன எப்பா, முகுத் கரன்னே நே." பாஷைதான் வேற, பொய் ஒண்டுதான்.

ஆருக்கு ஒண்டும் செய்யாது அங்கிள்? உங்களுக்குச் செய்யாது. மீன்காரருக்குச் செய்யாது. பேரப்பிள்ளை வாலைப் பிடிச்சு இழுத்தாலும் செய்யாது. அதெல்லாம் மனிசர். இன்னொரு நாயைக் கண்டா என்ன செய்யும் எண்டது தனிக் கேள்வி, அதுக்கு உங்களிட்ட மறுமொழி கிடையாது. ஏனெண்டா நீங்கள் அதை ஒருநாளும் கையில பிடிச்சுக்கொண்டு இன்னொரு நாய்க்குக் கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லை.

"ஏன் அந்த நேரத்தில கூட்டிக்கொண்டு வாறீங்கள்?" எண்டும் கேப்பினம். வேற எந்த நேரம்? வெள்ளவத்தையிலயும் பம்பலப்பிட்டியிலயும் கொட்டாஞ்சேனையிலயும் எத்தனை சனம் ஃபிளாற்றில இருக்கினம். முற்றம் இல்லை, வளவு இல்லை. நாலாம் மாடி நாய் ஒண்டுக்கும் ரெண்டுக்கும் கீழ இறங்கித்தான் ஆகவேணும், ஒரு நாளைக்கு 3 தரமாவது. வெய்யில் ஏறினா தார் கொதிக்கும். புறங்கையை 7 செக்கன் தாரில வைக்க ஏலாட்டி நாயின்ர பாதமும் வேகும். அதால விடிய 7 மணிக்கு முதல், பின்னேரம் 6 மணிக்குப் பிறகு. சரியா அதே நேரத்தில நீங்களும் திறக்கிறீங்கள். வளவுக்குள்ள இருந்தா நீங்கள் அள்ளவேணும், றோட்டில இருந்தா ஆரோ மிதிப்பினம். இவ்வளவுதானே கணக்கு?

றோட்டு நாய்க்கு ஒரு ஒழுங்கு இருக்கு. அதுக்கு எல்லை தெரியும். சாப்பாட்டுக்கடை வாசல், மரத்தடி, குப்பை வைக்கிற மூலை. உள்ளுக்கு வந்தா எழும்பும், குரைக்கும், பின்னால வரும், எல்லை முடிஞ்ச இடத்தில நிண்டுடும். கல் எடுக்கிற மாதிரிக் குனிஞ்சாலே பின்வாங்கும், ஏனெண்டா கல்லடி பட்டிருக்கு. 2006இல தெருநாய்களைக் கொல்லுறதை நிப்பாட்டுற கொள்கை வந்த பிறகு இருக்கிற வழி கருத்தடையும் தடுப்பூசியும்தான். காதில வெட்டுக்குறி இருந்தா அந்த நாய்க்குக் கருத்தடை செய்திருக்கு எண்டு அர்த்தம். அப்பிடியானது பெரும்பாலும் சண்டைக்கு வராது. குட்டி போட்ட பெட்டையும், பருவத்துக்கு வந்த பெட்டைக்குப் பின்னால திரியிற கடுவன் கூட்டமும்தான் விதிவிலக்கு. நாயோட நடக்கிறவை அந்தக் கூட்டத்தைக் கண்டா வீரம் காட்டாம வந்த வழியே திரும்புங்கோ.

வீட்டு நாய்க்கு இந்த ஒழுங்கு ஒண்டும் கிடையாது. கல்லடி பட்டதில்லை, குனிஞ்சா விளையாட்டு எண்டு நினைக்கும், இல்லாட்டி இன்னும் மூர்க்கமாகும். நாள் முழுக்கக் கேற்றுக்குப் பின்னால நிண்டு போற வாற நாயெல்லாத்தையும் குரைக்குது. நாங்கள் கடந்து போறம், அது தான்தான் துரத்தினது எண்டு நம்புது. ஒரு நாளைக்குப் பத்துத் தரம், மாசம் முழுக்க, நீங்கள் காசு குடுக்காம நடத்துற பயிற்சி வகுப்பு அது. பிறகு ஒருநாள் கேற் திறந்து கிடக்கு. முன்னால இருக்கிற பத்து மீற்றர் றோட்டும் அதின்ர கணக்கில அதின்ர வளவுதான். நீங்கள் பின்னால நிண்டு "டைகர்! டைகர்!" எண்டு கத்துறதை அது எப்பிடி எடுக்கும்? துணைக்கு ஆள் வருது எண்டுதான். கத்தாதேங்கோ. வந்து பட்டியில பிடியுங்கோ.

வெள்ளவத்தையில இது இன்னும் மோசம். காலி வீதியில இருந்து மரைன் டிரைவுக்கு இறங்குற லேன்கள் அநேகமா நேர்கோடு, நடுவில விலக ஒரு குறுக்கு ஒழுங்கையும் கிடையாது. ரெண்டு பக்கமும் மதில். நடைபாதையில கார் நிக்கும். பாதி இறங்கின பிறகு முன்னால ஒண்டு நிண்டா திரும்பி ஏறவேணும், திரும்பினா முதுகைக் காட்டவேணும். அதால நாயோட போறவை லேன் தலைப்பில நிண்டு கடைசி வரைக்கும் ஒருக்காப் பார்த்துட்டு இறங்குங்கோ. திறந்த கேற் எங்க, நிக்கிற கார் எங்க எண்டு பாருங்கோ. அந்தக் கார்தான் உங்கட மதில்.

வாற நாய் என்ன நினைப்பில வருது எண்டதைக் குரைப்பை வைச்சு அளக்காதேங்கோ. வளைஞ்சு வளைஞ்சு, நிண்டு நிண்டு குரைச்சுக்கொண்டு வாறது பாதி பயத்தில வருது. வாயை மூடி, தலையைத் தாழ்த்தி, உடம்பு விறைச்சு, வால் அசையாம நிமிர்ந்து, கண்ணை எடுக்காம நேர்கோட்டில சத்தமில்லாம வருது பாருங்கோ, அதுக்குத்தான் பயப்பட வேணும். முதுகு மயிர் எழும்புறதை மட்டும் வைச்சு முடிவெடுக்க ஏலாது, விளையாட்டு ஆர்வத்திலயும் அது எழும்பும். வாலாட்டுறதும் அப்பிடித்தான்.

நாயோட நடக்கிற எங்களிட்டயும் கேட்க வேண்டியது இருக்கு. பட்டனை அழுத்தினா நீளுற அந்தச் சுருள் லீஷை விட்டுத் தள்ளுங்கோ. 5 மீற்றர் மெல்லிய கயிறு, இழுவிசை வந்த நேரத்தில பூட்டு வழுக்கும், கையால கயிற்றைப் பிடிச்சா உள்ளங்கை வெட்டுப்படும், நாலு காலுக்கும் சுத்தினா உங்கட நாய் அசைய ஏலாம விழும். நாலு தொடக்கம் ஆறடி வரைக்கும் தட்டையான நைலோன் லீஷ் போதும். கழுத்துப்பட்டி மட்டும் எண்டா, பயந்த நாய் பின்பக்கமா இழுத்துத் தலையை உருவிக்கொண்டு காலி வீதிக்கு ஓடும். நெஞ்சைச் சுத்திக் கட்டுற, முதுகில கைபிடி உள்ள ஹார்னஸ் போட்டு, கொக்கியை ஹார்னஸிலயும் பட்டியிலயும் சேர்த்து மாட்டுங்கோ. லீஷைக் கையில சுத்தி இறுக்காதேங்கோ. லீஷ் இறுகினா எங்கட நாயின்ர நெஞ்சு நிமிரும், முன்னங்கால் எழும்பும், எதிர்ல வாற நாய்க்கு அது சவால் மாதிரித் தெரியும். கட்டின நாய் தப்பி ஓடவும் ஏலாது, வளைஞ்சு சமாதானமா மோந்து பார்க்கவும் ஏலாது. அவிழ்ந்த நாயும் கட்டின நாயும் சந்திச்சா தோக்கிறது கட்டினதுதான், அதாவது சட்டத்துக்குக் கட்டுப்பட்டது.

வந்திட்டுது எண்டா ஓடாதேங்கோ. உங்கட நாயைப் பின்னால எடுத்து, காருக்கும் உங்களுக்கும் நடுவில வையுங்கோ. கொழும்பில மழைக்கு எப்பிடியும் ஒரு குடை காவுறீங்கள், அதைப் பட்டன் அமத்தினா விரியிற பெரிய கறுப்புக் குடையா வாங்குங்கோ. நாய் ரெண்டு மீற்றருக்கு வந்த உடனே குடையை அதின்ர முகத்தின்ர உயரத்துக்குப் பதிச்சுப் பிடிச்சு விரியுங்கோ. திடீரெண்டு முன்னால ஒரு சுவர் எழும்பினா அநேகமானது நிண்டுடும். விரிச்ச குடையை நிலத்தோட சாய்ச்சுப் பிடிச்சுக்கொண்டே நகருங்கோ. ஆனா முதல்ல வீட்டுக்குள்ள, தள்ளி நிண்டு, ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு துண்டு இறைச்சி குடுத்து உங்கட நாயைப் பழக்கவேணும். இல்லாட்டி குடையைக் கண்டு முதல்ல ஓடுறது உங்கட நாயாத்தான் இருக்கும். மிளகு ஸ்பிரே, மிளகாய்த்தூள் எண்டு காவுறவை மரைன் டிரைவ் கடல்காத்தை மறந்துபோகினம். அது உங்கட கண்ணுக்குத்தான் வரும்.

சின்ன நாயைத் தூக்கிறதும் யோசிச்சுச் செய்ய வேண்டியது. தூக்கின உடனே மற்றது பாயும், அதின்ர பல் உங்கட முழங்கையிலயும் வயித்திலயும் படும். தூக்கினா நெஞ்சோட அணைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. கார் கூரையில வையுங்கோ, இல்லாட்டி நிக்கிற ஓட்டோவின்ர பின்சீற்றுக்குள்ள ஏறி இருங்கோ. ஓட்டோக்காரர் ஒருத்தரும் அந்த நேரத்தில இறங்கச் சொல்ல மாட்டார்.

பிடிச்சிட்டுதா? ரெண்டு தலைக்கும் நடுவில கையை விடாதேங்கோ, கடிக்கிறது உங்கட நாயாவும் இருக்கலாம். கவ்விக்கொண்டிருக்கேக்க லீஷில இழுத்தா தோல் கிழிஞ்சுகொண்டு வரும். ரெண்டு பேர் இருந்தா, ஒரே நேரத்தில ஆளுக்கொரு நாயின்ர பின்னங்கால் ரெண்டையும் தூக்கிப் பின்னால நடக்கவேணும். நேர இழுக்காம வட்டமா நடவுங்கோ, நிண்டா அது திரும்பிக் கடிக்கும். தனியா எண்டா, உங்கட நாயின்ர லீஷை ஒரு கம்பத்தில கட்டிட்டு மற்றதின்ர பின்னங்காலைப் பிடிக்கிறதுதான். அங்கிள் அந்த நேரத்தில கைத்தொலைபேசியில வீடியோ எடுக்காம இருந்தா உதவி.

பிறகு "சின்னப் பல்லுத்தானே பட்டிருக்கு" எண்டு ஒரு சமாதானம் சொல்லுவினம். வெளியில தெரியிறது அரிசி அளவு ஓட்டை. கவ்வி உதறேக்க தோலுக்குக் கீழ தசை பிய்ஞ்சிருக்கும், கிருமி உள்ளுக்குப் போய், காயத்தின்ர வாய் மூடிக்கொள்ளும், ரெண்டு மூண்டு நாளில சீழ் கட்டும். மயிருக்குள்ள கையை விட்டு முழு உடம்பையும் தடவிப் பாருங்கோ. கொதிச்சாறின தண்ணி அரை லீற்றருக்கு ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைய உப்புப் போட்டு, ஊசி கழட்டின சிரிஞ்சால நல்லாப் பீச்சிக் கழுவுங்கோ. மஞ்சள், கோப்பித்தூள், தண்ணி கலக்காத கிருமிநாசினி ஒண்டும் வேண்டாம். அண்டைக்கே மிருக வைத்தியரிட்ட கொண்டு போங்கோ, விசர் (ரேபிஸ்) ஊசி போட்டிருந்தாலும் திரும்ப ஒண்டு போடவேணுமோ எண்டு கேளுங்கோ. சின்ன நாயைப் பெரிய நாய் தூக்கி உதறியிருந்தா ரத்தம் இல்லாட்டியும் பொறுக்காதேங்கோ. பல் முரசு வெளிறி, மூச்சு வாங்கினா உள்ளுக்கு நெஞ்சு நசிஞ்சிருக்கலாம்.

உங்களைக் கடிச்சா ஓடுற தண்ணியில சவுக்காரம் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு நேர அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. ஊசி இலவசம். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில இதுக்கெண்டே கிளினிக் இருக்கு. விசர் அறிகுறி வந்தாப் பிறகு தப்புறது இல்லை எண்டே சொல்லலாம். டொக்டர் கேக்கிற முதல் கேள்வி, நாய் ஆரின்ர, ஊசி போட்டதோ எண்டதுதான். கடிச்ச நாயை 14 நாள் கட்டி வைச்சுக் கவனிக்க ஏலுமெண்டா வைத்தியம் தீர்மானிக்கிறது சுலபம். கேற்றைத் திறந்து விடுற ஆக்களே, இந்த இடத்திலதான் உங்கட உண்மையான முகம் வெளிய வரும். இவ்வளவு நாளும் "எங்கட டைகர்", கடிச்ச அண்டு மட்டும் "அது எங்கட நாய் இல்லை, சும்மா வந்து படுக்கிறது." உங்கட வாசலில, நீங்கள் வாங்கிக் குடுத்த பட்டியோட.

சட்டம் புதுசா ஒண்டும் வேண்டாம். விசர்நோய்க்கு 1893ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு, நாய்ப் பதிவுக்கு 1901ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு. நூறு வருஷத்துக்கு மேல பழசு ரெண்டும். தண்டப்பணம் பகிடிக்குச் சமன் எண்டதும் உண்மை. எண்டாலும் எழுத்தில முறைப்பாடு போனா ஆள் கொஞ்சம் அசையும். கேற் இலக்கமும் திறந்த கேற்றும் வெளியில நிக்கிற நாயும் ஒரே படத்தில தெரிய எடுங்கோ, திகதியும் நேரமும் எழுதுங்கோ, அதே லேனில இன்னும் ரெண்டு வீட்டுக்காரரின்ர கையெழுத்து வாங்குங்கோ. ஒரு பிரதி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, ஒண்டு பொலிசுக்கு. பொலிசில முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் வெளிய வராதேங்கோ.

கடைசியா "கட்டி வைச்சாப் பாவம்" எண்ட அன்ரிமாருக்கு. ஆர் கட்டி வைக்கச் சொன்னது? வளவுக்குள்ள அவிழ்த்து விடுங்கோ, கேற்றுக்குத் தானா மூடுற ஸ்பிரிங் ஒண்டு போடுங்கோ. வெளியில போகவேணும் எண்டா ஆறடி லீஷைப் பிடிச்சுக்கொண்டு நீங்களும் இறங்குங்கோ. அள்ளுறதுக்கு ஒரு ஷொப்பிங் பாக்கையும் கொண்டு வாங்கோ.