கோல்ஃப் அடிக்கும்போது தலையைத் தூக்கவே கூடாதா?

"பந்து பறந்த பிறகும் தலையைக் குனிந்தே வைத்திரு, தலை தூக்கினால் அடி பந்தின் உச்சியில்தான் படும்." கோல்ஃப் பழக வருபவர்களுக்குச் சொல்லப்படும் இந்த அறிவுரை தவறு.

மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய ஒரு நொடியில் 2000-இல் ஒரு பங்கு நேரம்தான். அதற்கப்புறம் தலை எங்கே திரும்பினாலும் பந்துக்குத் தெரியாது. ஸ்வீடனின் கோல்ஃப் வீராங்கனை அன்னிகா சோரன்ஸ்டாமைப் பாருங்கள். மட்டை பந்தில் படும்போதே அவருடைய முகம் இலக்கை நோக்கித் திரும்பத் தொடங்கிவிடும். 2001-இல் 18 குழிகள் கொண்ட ஒரு சுற்றை, பந்தை வெறும் 59 முறை அடித்தே முடித்தவர் அவர்! 1999-இல் அதே 59-ஐ எட்டிய அமெரிக்கர் டேவிட் டுவாலும் அப்படித்தான் ஆடினார்.

சரி, பந்தின் உச்சியில் ஏன் படுகிறது? பெரும்பாலும் இடுப்பிலிருந்து உடம்பு நிமிர்ந்துவிடுகிறது, அல்லது எடை பின்காலிலேயே தங்கிவிடுகிறது, அல்லது முழங்கை மடங்குகிறது. மட்டை போகும் வளைவு மேலே ஏறிவிடுகிறது. தலை உயர்வது அதன் விளைவு மட்டுமே. தலையை வலுக்கட்டாயமாக அழுத்திப் பிடித்தால் தோள் முழுதாகச் சுழலாது, கழுத்துதான் வலிக்கும். புதிதாகப் பழகுபவர்களிடம் தயவுசெய்து தலையைக் குனிந்தே வைக்கச் சொல்லாதீர்கள். முன்காலுக்கு எடையை மாற்றச் சொல்லுங்கள், தோளோடு தலையும் திரும்பட்டும்.