மரத்தைக் கூலியாகக் கொடுக்காதீர்கள்

“சும்மாவே வெட்டித் தாரேன் அண்ணாச்சி, மரத்த மட்டும் எனக்கு விட்ருங்க.”

வள்ளியூர், பணகுடிப் பக்கம் வீட்டோடு ஒரு வேம்போ புளியோ வைத்திருக்கிற எவரும் விறகுக்காரரின் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். கையை விட்டுப் பைசா போகாது, மரமும் ஒழியும். நமக்கு லாபம் மாதிரித்தான் தெரியும். மர வேலையில் ஆட்கள் கை கால் முறிந்து கிடப்பதற்கும், வெட்டத் தேவையில்லாத மரமெல்லாம் லாரி ஏறுவதற்கும் இந்தச் ‘சும்மா’ ஒரு பெரிய காரணம் என்பது என் கட்சி.

கணக்கைப் பாருங்கள். விறகுக்காரருக்குக் காசு இருப்பது அடிமரத்தில். வேம்பு என்றால் நிலை, கதவுக்குத் தடியாகப் போகும். புளி என்றால் கறிக்கடைக் கட்டைக்கும் சூளைக்கும் போகும். கொப்பும் தழையும் அவருக்கு வெறும் சுமை. நமக்கோ தொந்தரவே கொப்பில்தான். மாடிக்கு மேல் ஒன்று நீண்டிருக்கும், கரண்டுக் கம்பியை ஒன்று உரசும். அந்த இரண்டை மட்டும் இறக்கினால் அவருக்கு ஒன்றும் தேறாது. அதனால் தூரில் கோடாலியின் பின்பக்கத்தால் நாலு தட்டுத் தட்டிவிட்டு, “உள்ள பூரா பொந்துல்லா, அடுத்த ஆடிக்குத் தாங்காது” என்பார். தட்டிப் பார்ப்பது நல்ல சோதனைதான், பொந்திருந்தால் சத்தம் மாறும். ஆனால் பொந்து விழுந்த மரமெல்லாம் சாய்ந்துவிடாது. சுற்றிலும் நல்ல கட்டை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதை, மரத்தை எடுத்துக்கொண்டு போகிறவரிடமே கேட்டால் வேறென்ன சொல்வார்?

சரி, வெட்டத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முழுசாகச் சாய்ப்பது திறந்த விளையில் செய்கிற வேலை. விழவேண்டிய பக்கம் தூரில் ஆப்பு வடிவில் வெட்டி வாய் எடுக்க வேண்டும், குறுக்களவில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு. அப்புறம் பின்பக்கத்திலிருந்து அறுத்து வர வேண்டும். இரண்டு வெட்டும் சந்திக்கவே கூடாது. நடுவில் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கட்டை அறுபடாமல் நிற்க வேண்டும். அது கதவுக் கீல் மாதிரி நின்று மரத்தைத் திருப்பிக்கொண்டுபோய்ப் படுக்க வைக்கும். அவசரத்தில் அதையும் சேர்த்து அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்கு விழும். ஒரு பக்கமாக நன்றாகச் சாய்ந்து நிற்கிற மரம் இன்னும் மோசம். வாய் சரியாக எடுக்காமல் பின்னாலிருந்து அறுத்தால், பாதி அறுக்கும்போதே அடிமரம் நெடுக்கப் பிளந்து, பிளந்த கட்டை அறுக்கிறவன் முகத்துக்கு எகிறும். விலகக்கூட நேரம் இருக்காது. மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது என்பது மர வேலைக்காரர்களின் பொது விதி. நம் தெருவில் அந்தத் தூரத்துக்குள் நாலு வீடும் ஒரு டீக்கடையும் இருக்கும், டீக்கடையில் வேடிக்கை பார்க்கப் பத்துப் பேரும் இருப்பார்கள்.

ஆக ஊருக்குள் வழி ஒன்றுதான். மேலே ஏறித் துண்டு துண்டாக இறக்க வேண்டும். இதைச் சொன்னால், “பனையேறிகள் நாடுவே இது, நமக்கு ஏறச் சொல்லித் தரணுமா” என்று கேட்பார்கள். பனையேறியின் திறமைமேல் எனக்குக் கொள்ளை மரியாதை உண்டு. காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி, பதநீர்க் காலம் முழுக்கக் காலையும் மாலையும் அதே பனை. ஒவ்வொரு மரத்தின் வளைவும் அவருக்கு உடம்பில் பதிந்திருக்கும். ஆனால் அவர் சீவுவது பாளையை. தான் நிற்கிற மரத்தை அவர் அறுப்பதில்லை. மரம் அறுக்கிறவனுக்கு ஒவ்வொரு வெட்டுக்கும் பாரம் மாறும், கால் வைத்த இடமே ஆடும். தென்னையின் கொண்டையை அறுத்துத் தள்ளியதும், சுமை போன வேகத்தில் மரம் பின்பக்கமாக வீசி ஆடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்போது அவன் ஒரு கையில் ஓடுகிற அறுப்பு மெஷின். அந்த மெஷினும் லேசுப்பட்டதல்ல, சங்கிலி ஓடுகிற இரும்புப் பட்டையின் நுனி மேல்பாகம் கட்டையில் பட்டால் போதும், அப்படியே எகிறித் திரும்பும்.

இந்த வேலைக்கு நம் ஆட்கள் கட்டிக்கொள்வது பெரும்பாலும் இடுப்பில் ஒற்றை நைலான் கயிறு. கவையைத் தாண்டும்போது அதையும் அவிழ்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அந்த நேரத்தில் பிடிமானம் என்று எதுவுமே இல்லை. முறையாக ஏறுகிறவர்கள் இரண்டு கயிறு வைத்திருப்பார்கள். ஒன்றை மாற்றும்போது இன்னொன்று பிடித்திருக்கும், அறுக்கும்போது இரண்டுமே கட்டியிருக்கும். தவறி ஒரு கயிற்றில் மெஷின் பட்டாலும் ஆள் தொங்குவான், விழமாட்டான். கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931-ல் ஒரு முடிச்சைச் சொல்லிவைத்தார். தடித்த கயிற்றில் சன்னக் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிப் போடுவது. பாரம் ஏறினால் இறுகிப் பிடிக்கும், பாரம் இல்லாதபோது கையால் நகர்த்தலாம். உலகத்து மரமேறிகள் பலர் இன்றும் அதையோ அதன் வகைகளையோ போடுகிறார்கள். நம் பையன்களுக்கு ஒரு மத்தியானம் போதும் அதைக் கற்க.

பாளையங்கோட்டையில் உறவினர் வீட்டு வேம்பை இறக்கியபோது மரம் இறக்குகிற ஒரு நல்ல செட்டைப் பார்த்தேன். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கம்பி. காலையிலேயே இ.பி.யில் சொல்லி லைனை நிறுத்திவிட்டார்கள். மேலே இருந்த தம்பி கொப்பைக் கட்டி, கயிற்றை அதற்கு மேலே உள்ள கவை வழியாகக் கீழே விட்டான். கீழே நின்ற பெரியவர் அதை அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். சுற்றுக்குச் சுற்று உரசல் பல மடங்காகும். ஒல்லியான அந்த மனிதர் தன்னைவிடக் கனமான கொப்பை வியர்க்காமல் தாங்கினார். தம்பி முதலில் கொப்பின் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்தான், பிறகுதான் மேலிருந்து. இல்லாவிட்டால் ஒடிகிற கொப்பு தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். கொப்பு விடுபட்டதும் பெரியவர் வெடுக்கென்று நிறுத்தவில்லை, கயிற்றை வழுக்கவிட்டு மெல்ல மெல்லப் பிடித்தார். சட்டென்று நிறுத்தினால் கொப்பின் எடையைப்போலப் பல மடங்கு இழுவை கயிற்றில் விழும், கயிறு அறும், அல்லது தம்பி நிற்கிற மரமே உலுங்கும். “விட்டுப் பிடிக்கணும்ய்யா” என்றார், அவ்வளவுதான் அவர் பேசியது. அந்த செட்டுக்குக் கூலி ரொக்கம். தடியைத் தனியாக விலை பேசி வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.

மரம் நிற்கட்டும், கொப்பை மட்டும் எடுங்கள் என்று சொல்கிற இடத்திலும் வெட்டியதையே கூலியாகக் கொடுக்கிற முறை வேலையைக் கெடுக்கும். விறகுக்கு வெட்டுகிறவர் மொட்டை அடித்துவிடுவார். மொட்டையடித்த வேம்பில் கொத்துக் கொத்தாகத் துளிர் வரும், பார்க்கப் பச்சையாக இருக்கும். அந்தக் கொப்புகள் மேல்கட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டு வளர்கிறவை. நாலு வருஷம் தடித்ததும் ஆடிக்காற்று அவற்றைத்தான் முதலில் முறிக்கும். அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்க அறுத்துப் பார்த்துச் சொன்னது இது: மரத்தின் புண் நம் புண்போல ஆறாது, மரம் அதைச் சுவர் எழுப்பி அடைத்துவைக்கும். அந்த வேலை நடப்பது கொப்பு தண்டோடு சேருமிடத்தில் வளையம்போல் தடித்திருக்கிற பகுதியில். வளையத்தை விட்டுவிட்டு அதை ஒட்டி அறுக்க வேண்டும். தண்டோடு வழித்தும் அறுக்கக் கூடாது, முழ நீளம் கட்டை விட்டும் அறுக்கக் கூடாது. மேலே தாரோ சாணியோ பூசி ஒரு புண்ணியமும் இல்லை.

பனையின் கதையும் இதேதான். கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் யாராவது ‘சும்மா’ வெட்டித் தருகிறேன் என்று வந்தால், சூளைக்கு என்று புரிந்துகொள்ளுங்கள்.

“காசு உள்ளவன் பேசுகிற பேச்சு இது” என்று சிலர் சொல்லலாம். நியாயம்தான், கூலி கொடுத்து இறக்க எல்லோராலும் முடியாது. அவர்களுக்கும் ஒரு வழி உண்டு. தடிக்கு முதலில் இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள், அந்தப் பணத்தை ஏறுகிறவர் கூலிக்குக் கொடுங்கள். வாங்குகிறவரும் வெட்டுகிறவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் போதும். ‘மரமேறுகிறவன் குண்டியை எத்தனை தூரம் தாங்குவது’ என்று சொலவடை சொல்கிறவர்களுக்கு என் பதில், இரண்டாவது கயிறு வாங்கிக் கொடுக்கிற தூரத்துக்குத் தாங்கலாம். நீங்கள் பேரம் பேசிக் குறைக்கிற கூலியில் முதலில் அடிபடுவது அந்தக் கயிறுதான்.

கொப்பு இறக்க நினைப்பவர்கள் வைகாசியிலேயே ஆள் பாருங்கள். ஆனி பிறந்து மேற்கு மலைக் கணவாய் வழியாக வருகிற காற்று எழும்பிவிட்டால் வேலை தெரிந்தவர் ஏறமாட்டார். அப்போதும் ஏறுகிறேன் என்று வருகிறவரை ஏற்ற வேண்டாம், ஐப்பசி வரை பொறுங்கள். மழைக்கு நடுவே காற்றில்லாத வெயில் நாள் கிடைக்கும்.