பாதிக் கதைக்கு முழு விலையா?

டர்பனில் டிசம்பர் விடுமுறை தொடங்கிவிட்டால், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் அக்காள் மகளுக்காகப் புத்தகக் கடை ஏறி இறங்குவது என் வேலை. இம்முறை பொறுமை போய்விட்டது. இளையோர் நாவல் என்று வாங்கி, 400 பக்கங்களை அவளும் நானும் மாறி மாறிக் கண்விழித்துப் படித்தால், கடைசிப் பக்கத்தில் நாயகி ஒரு கதவைத் திறக்கிறாள், உள்ளே நிற்பவனைக் கண்டு அலறுகிறாள், அத்தோடு புத்தகம் தீர்ந்துவிடுகிறது. அடுத்த பாகம் அடுத்த ஆண்டாம்! தொடர்கதை படித்து வளர்ந்த எனக்குத் "தொடரும்" என்ற சொல் பகையன்று. ஆனால் வார இதழில் விடை அடுத்த வாரமே வந்தது. முழு விலை வாங்கிக்கொண்டு பாதிக் கதையைத் தருவது எந்த ஊர் நியாயம்?

காமிக்ஸ் இன்னும் மோசம். அமெரிக்க மாத இதழ் ஒன்றில் கதை ஏறத்தாழ 20 பக்கங்கள்தான்; அதையே வெவ்வேறு அட்டைகளில் அச்சடித்து, பிள்ளைகளை இரண்டு மூன்று முறை வாங்க வைக்கிறார்கள். மங்கா எனப்படும் ஜப்பானியக் காமிக்ஸை வலமிருந்து இடமாகப் படிப்பது இரண்டே நாளில் பழகிவிட்டது. ஆனால் அலமாரியில் 7ஆம் தொகுதி இருக்கிறது, 12ஆம் தொகுதி இருக்கிறது, முதல் தொகுதி மட்டும் ஏன் ஒருநாளும் இருப்பதில்லை?

இவற்றையெல்லாம்கூடப் பொறுக்கலாம். நாயகியின் பெற்றோரை முதல் அத்தியாயத்திலேயே கொன்றுவிடுவதைத்தான் தாங்க முடியவில்லை. பாட்டி, மாமா, சித்தி என்று வீடு நிறைய ஆட்களோடு வளரும் பிள்ளை, புதுப் புத்தகத்தைப் பிரிக்கும்போதே கேட்கிறாள்: "சித்தி, இதிலும் அம்மா செத்துட்டாங்களா?"